தபசு காலத்தில் செய்த கித்தார்

போன மாதம் ஒரு வாத்தியக் கடைக்குள் நுழைந்தேன். வாங்குவதற்காக அல்ல, வெயிலுக்கு ஒதுங்கினேன், அவ்வளவுதான். கிழவி ஒருத்தி கித்தாரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று கடையில் நின்றவர் தானாக வந்து விளக்க ஆரம்பித்தார். "இது செமி அகூஸ்டிக், ஆன்ட்டி. பாதி பெட்டி, பாதி கரென்ட். உள்ளே காலிதான். ஆனா நடுவுல ஒரு மரக்கட்டை வெச்சிருப்பாங்க. அது இல்லேன்னா ஸ்பீக்கர் முன்னால ஊளையிடும். ஃபாரின்காரன் மூளையைப் பாருங்க!"

ஃபாரின்காரன் மூளையாம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும் என்று எங்கள் அம்மா சொல்வாள். யுத்த காலத்தில் மர்பி டவுனில், எங்கள் வீட்டுச் சமையற்கட்டில், ஒரு கித்தாரின் வயிற்றுக்குள் அப்படியொரு கட்டையை வைத்தவர்கள் நாங்கள். அம்மா, அண்ணன், நான். கடல் தாண்டி எவனாவது அதற்கு முன்பே வைத்திருக்கலாம். வைத்திருக்கட்டும், நல்லா இருக்கட்டும். அவனைப் பார்த்து நாங்கள் வைக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அம்மா தையல் மிஷின் வைத்து கன்டோன்மென்ட் துரைசானிகளுக்கு கவுன் தைத்தாள். அண்ணன் ஒரு மரப்பட்டறையில் சித்திர வேலைக்காரன். மாதா கோயில் பீடங்களுக்குத் திராட்சைக் கொடியும் சிறகு வைத்த சம்மனசு முகமும் செதுக்குவான். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "நம்பர் ப்ளீஸ்", எதிர்முனை காலியில்லாவிட்டால் "லைன் என்கேஜ்ட்" சொல்கிற வேலை. எங்கள் தெருவில் இங்கிலீஷ் பேசிச் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான்தான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அண்ணனுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று தலைமுடி. சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் பூசைக்குக்கூடப் போக மாட்டான். இன்னொன்று கித்தார்.

கித்தார் அந்தக் காலத்தில் பாவப்பட்ட வாத்தியம். தட்டைப் பெட்டி, நடுவில் வட்ட ஓட்டை. வீட்டு முற்றத்தில் நாலு பேர் உட்கார்ந்து பாடினால் கேட்கும். டான்ஸ் ஹாலில் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்க ஆரம்பித்தால் கித்தார்க்காரன் கை அசைவதுதான் தெரியும், சத்தம் யாருக்கும் எட்டாது. அதனால் பல பேர் கித்தாரை மூட்டை கட்டிவிட்டு பேன்ஜோ வாசித்தார்கள். பேன்ஜோவுக்கு முகத்தில் தோல்; தட்டினால் ஊருக்கே கேட்கும். அண்ணனுக்கு அந்தச் சத்தமே ஆகாது. "தகரத்துல கூழாங்கல்லு கொட்ன மாதிரி" என்பான்.

பிறகு சீமையில் யாரோ வயலினைப் பார்த்து யோசித்திருக்கிறார்கள். கித்தாரின் மேல் பலகையையும் தடித்த மரத்திலிருந்து மேடாகச் செதுக்கி, வட்ட ஓட்டைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் வளைந்த பிளவு போட்டு, இரும்புக் கம்பி கட்டினார்கள். அது தட்டைப் பெட்டியை விடக் கணீரென்று பேசியது. யுத்தத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார சோல்ஜர் அப்படிப்பட்ட கித்தார் ஒன்றை, கம்பியை முறுக்குகிற பிருடை உடைந்ததென்று, அண்ணனுடைய பட்டறைக்குக் கொண்டுவந்தான். ஒரு வாரம் அது பட்டறையில் இருந்தது. அண்ணன் அந்த வாரம் முழுக்க அதை விரலால் தடவித் தடவியே பாடம் பண்ணிக்கொண்டான்.

பிறகு தானே ஒன்று செதுக்கினான். கப்பலில் சாமான் வந்த பெட்டியின் தேவதாருப் பலகை மேலுக்கு. நாற்காலிக்கு அறுத்து மிஞ்சிய பீட்டி மரம் பின்னுக்கும் பக்கத்துக்கும். செதுக்கிக்கொண்டே இருப்பான், கொஞ்சம் செதுக்குவான், விரல் கணுவால் தட்டுவான், காதை வைப்பான், மறுபடி செதுக்குவான். பிளவுகளின் நுனியை அவன் சும்மா விடவில்லை. பீடத்தில் செதுக்கிய கை ஆயிற்றே, திராட்சைக் கொடியின் சுருள் மாதிரி முடித்தான். வேலை முடிந்து கம்பி கட்டி முதல் தடவை மீட்டியபோது அம்மா தையலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் குரல் அவ்வளவு இனிப்பு.

அந்தக் கித்தாரோடு அண்ணன் ஒரு டான்ஸ் பேண்டில் சேர்ந்தான். பேண்டுத் தலைவர் ஆங்கிலோ இந்தியர், ட்ரம்பெட் வாசிப்பவர். அவருடைய மீசையே ஒரு தனி வாத்தியம். அண்ணனை ட்ரம்ஸுக்குப் பின்னால், திரையை ஒட்டி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். அங்கே உட்கார்ந்து அவன் வாசித்தது அவனுக்கே கேட்கவில்லை.

விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டராகிய பாஸ்கு வரை தபசு, நோன்புக் காலம். அதற்கு முந்தின நாள் கடைசி டான்ஸ். அது முடிந்து வந்த அண்ணன் சாப்பிடாமல் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சீவிக்கொண்டே இருந்தான். சீவுகிற சீவலிலேயே விஷயம் தெரிந்தது.

"என்னாண்ணா ஆச்சு?"

"பாஸ்கு திங்கக்கிழமை டான்ஸுக்கு பேன்ஜோ எடுத்துனு வரணுமாம். இல்லாங்காட்டி வர வேணாமாம்."

"ஏன், கித்தாருக்கு என்னா கேடு?"

"பாக்கத்தான் லாயக்காம். சுவத்துல மாட்டி வெச்சுக்கோன்னு எல்லார் எதுர்லயும் சொல்லிட்டான்."

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. ஒரு வருஷத்துக்கு மேல் ராத்திரி பகல் பாராமல் செதுக்கியதைச் சுவரில் மாட்டுவதா? "அவன் மீசையை மொதல்ல சுவத்துல மாட்டச் சொல்லு" என்றேன். அம்மா, "ஏய், வாயை மூட்றி" என்றாள். ஆனால் அவளுக்கும் முகம் சுண்டிவிட்டது.

மறுநாள் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டும்போதுதான் எனக்கு யோசனை உதித்தது. ஹெட்போனுக்குள் என்ன இருக்கிறது? ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியை விட மெல்லிய செம்புக் கம்பி, முன்னால் ஒரு இரும்புத் தகடு. அண்ணனுடைய கித்தாரில் கம்பி எல்லாம் இரும்பு. அந்தக் கம்பிகளுக்கு அடியில் ஒரு காந்தத்தையும் சுருளையும் வைத்தால், கம்பி ஆடுகிற ஆட்டம் ஒயரில் ஏறாதா? வெளிநாட்டில் இப்படிச் செய்கிறார்கள் என்று சோல்ஜர்கள் பேசிக்கொண்டதை அண்ணனும் கேட்டிருந்தான். எப்படிச் செய்கிறார்கள் என்று மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சிவாஜி நகர் பழைய சாமான் கடைகளில் ராணுவம் கழித்துப்போட்ட ஹெட்போன்கள் குவிந்து கிடந்தன. வாங்கி வந்து காந்தத்தைப் பெயர்த்தேன், கம்பியைப் பிரித்தேன். சுற்றுவதற்கு அம்மாவின் தையல் மிஷின். பாபினில் நூல் சுற்றுகிற இடத்தில் அண்ணன் செய்துகொடுத்த மரச் சட்டத்தை மாட்டி, காலால் மிதித்துச் சுற்றினேன். அறுந்தது. மறுபடி சுற்றினேன், மறுபடி அறுந்தது. நான் திட்டிய திட்டு எல்லாம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியவை. கடைசியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சுருள் நின்றது.

அதைக் கித்தாரில் எங்கே வைப்பது என்பதில் அடுத்த சண்டை.

"மேல் பலகைல ஒரு சதுரம் வெட்டிக் குடு, உள்ள எறக்கிடலாம்."

"என் பலகைல ஓட்டை போட்டே, கையை ஒடிச்சிருவேன்."

சரி என்று பலகையைத் தொடாமல், கழுத்துப் பலகையின் நுனியில் ஒரு சின்ன மரத் துண்டை ஒட்டி, சுருளை அதில் தொங்கவிட்டோம். ஒயரை எதில் சொருகுவது? ஊருக்குப் போன துரை வீட்டு ஏலத்தில் எடுத்த ரேடியோ எங்கள் வீட்டில் இருந்தது. அதன் முதுகில் கிராமபோன் பெட்டியைச் சொருக இரண்டு துளை உண்டு. ரெக்கார்டுக்குப் பதிலாகக் கித்தார். எல்லாம் தயார்.

ஆனால் ஒரு தடவைகூட வாசித்துப் பார்க்கவில்லை. ஏன் என்றால் தபசு காலம். அம்மா இருக்கிற வீட்டில் தபசில் பாட்டு, கூத்து, வாத்தியம் எதுவும் கூடாது. ரேடியோ மேல் துணியைப் போட்டு மூடிவிடுவாள். "ஒரே ஒரு தரம் டொய்ங்னு மீட்டிப் பாக்கறோம்மா" என்று கெஞ்சினேன். "ஆண்டவர் சிலுவை சொமக்கிற நாள்ல உனுக்கு டொய்ங் கேக்குதா? வேணாம், நக்கோ!" என்று தீர்த்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் செய்வார்களா? கரென்ட் வைத்த கித்தாரைச் செய்து, சத்தம் வருமா என்றே தெரியாமல், பாஸ்கு வரும் வரை துணி சுற்றி மூலையில் வைத்திருந்தோம்.

பாஸ்குக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, காலைப் பூசையில் மணி அடித்தார்கள். அந்தக் காலத்தில் அன்றைக்கு உச்சிப்பொழுதோடு தபசு முடிந்துவிடும். வீட்டுக்கு ஓடி வந்தோம். அம்மா கறி கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒயரைச் சொருகினான், நான் ரேடியோவைத் திருகினேன், வால்வு சூடாகும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மீட்டினான். ரேடியோவிலிருந்து கித்தார் வந்தது! கத்தினேன், அண்ணனைக் கட்டிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் சத்தம் வைத்தேன். அவ்வளவுதான், "ஊஊஊ" என்று ஓர் ஊளை. தெரு நாய்களெல்லாம் பதில் கொடுத்தன. சத்தத்தைக் குறைத்தால் ஊளை நின்றது, ஆனால் கித்தாரும் முனகலாகிவிட்டது. போதாததற்குக் கீழ்க் கம்பியை மீட்டும்போதெல்லாம் உள்ளே 'கிர்ர்' என்று ஏதோ அதிர்ந்தது.

ஊளை எதனால் என்று எனக்குத் தெரியும். டெலிபோனில் கேட்கிற குழலைப் பேசுகிற குழல் மேல் வைத்தால் இதே ஊளைதான். போன சத்தமே திரும்பி வந்து, திரும்பிப் போய், சுற்றிச் சுற்றிப் பெருகும். இங்கே ரேடியோவின் சத்தம் காலிப் பெட்டியை ஆட்டுகிறது. பெட்டி கம்பியை ஆட்டுகிறது. கம்பி மறுபடி ரேடியோவுக்கு அனுப்புகிறது. அதற்கு மருந்து என்னவென்று மட்டும் தெரியவில்லை. திங்கள் நாலு மணிக்கு டான்ஸ். நடுவில் பாஸ்கு ஞாயிறு. அன்றைக்கு உளியைத் தொட்டால் அம்மா எங்களைத் தொலைத்துவிடுவாள்.

முதலில் 'கிர்ர்' என்ன என்று பார்க்கலாம் என்று அண்ணன் கித்தாரைக் கவிழ்த்து உலுக்கினான். பிளவு வழியாக ஒரு பச்சை நுனி எட்டிப் பார்த்தது. விரலால் இழுத்தேன். குருத்தோலையில் முடைந்த சிலுவை! போன ஞாயிறு கோயிலில் மந்திரித்துக் கொடுத்த ஓலை. எங்கள் சனங்கள் அதைச் சிலுவையாக முடைந்து நிலைப்படி மேல், அரிசிப் பானையில், பெட்டியில் என்று எங்கும் சொருகி வைப்பார்கள். அம்மா இதற்குள்ளும் போட்டிருக்கிறாள்.

"அம்மா! இது ஒன் வேலையா?"

"பின்ன யாரு வேலை? புள்ள சோறு அதுலதானே இருக்குது. ஆசீர்வாதம் இருக்கட்டும்னு போட்டேன்."

"ஆசீர்வாதம் கிர்ர்ர்னு கத்துதும்மா. எடுத்துடறேன்."

"எடுத்துருவியா நீ? எடுத்துப் பாரு. அந்த ஓலை உள்ள இல்லாம அவன் அந்த ஹாலுக்குப் போனா, நான் பாஸ்கு சோத்துல கை வெக்க மாட்டேன். சும்னே சொல்றேன்னு நெனச்சுக்காத."

எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். "அப்ப அதை ரெண்டு கட்டைக்கு நடுவுல போட்டு ஆணி அடிச்சு வெச்சாத்தான் ஆடாம இருக்கும்!" என்று கத்தினேன். வாய் கத்திக்கொண்டிருக்கும்போதே மூளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. ஓலை ஆடாமல் இருக்கக் கட்டை. பெட்டி ஆடாமல் இருக்கவும் கட்டை! மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவில், கம்பி உட்காருகிற குதிரைக்கு நேர் கீழே, ஒரு மரக்கட்டையை நெருக்கிப் பொருத்திவிட்டால் ஸ்பீக்கர் என்ன கத்தினாலும் பெட்டி அசையாது.

அண்ணனிடம் சொன்னேன். அவன் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு, ஒயர் இல்லாமல், மெதுவாக வாசித்தான். கட்டை உள்ளே போனால் அந்த இனிப்புக் குரல் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வருஷம் தட்டித் தட்டிக் காது வைத்துச் செதுக்கியது அந்தக் குரலுக்காகத்தான். பாவம், என் அண்ணன்.

"முழுசாப் போயிருமா?" என்றான்.

"பாதி போவும். பாதி நிக்கும்."

"யாருக்கும் கேக்காத முழுசை வெச்சுனு நான் என்னா பண்ண?" என்று சொல்லிவிட்டு எழுந்து, மேஜைக் கத்தியை அடுப்பில் காய வைத்தான். அன்றைக்கு அவன் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

சூட்டுக் கத்தியால் விளிம்பில் வச்சிரப் பசையை இளக்கி இளக்கிப் பின் பலகையைக் கழற்றினான். மிஞ்சியிருந்த தேவதாருத் துண்டை இரண்டாகப் பிளந்து, நடுவில் பள்ளம் எடுத்தான். அம்மாவே தன் கையால் சிலுவையை அதில் படுக்க வைத்தாள். மூடி ஒட்டினான். மேல் பலகையின் வளைவுக்குச் சரியாகக் கட்டையை இழைத்து இழைத்து உள்ளே உட்கார வைத்தான். ஒரு அடுப்பில் வச்சிரம், இன்னொரு அடுப்பில் கறி. எது எந்த வாசனை என்று தெரியாத அளவுக்கு வீடு நாறியது. பொழுது சாய்வதற்குள் பின் பலகையை மூடி, துணி காயப்போடுகிற கயிற்றால் இறுகக் கட்டினோம்.

ஞாயிறு முழுக்க அது மேஜை மேல் கட்டோடு கிடந்தது. பாஸ்கு வாழ்த்துச் சொல்ல வந்தவர்களெல்லாம், "யாருக்கு அடிபட்டுச்சு?" என்று கேட்டார்கள். "அடிபடப்போறது வேற ஆளு" என்று சொல்லிப் பலகாரத் தட்டை நீட்டினேன்.

திங்கள் காலை கயிற்றை அவிழ்த்தோம். ஒயர் இல்லாமல் மீட்டியபோது குரல் சின்னதாகிவிட்டிருந்தது. அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ரேடியோவில் சொருகி மீட்டினோம். ஊளை இல்லை. இன்னும் திருகினேன். இல்லை. 'கிர்ர்' இல்லை. ஆனால் எங்கள் ரேடியோ எம்மாத்திரம்? ஹாலில் அறிவிப்புச் சொல்வதற்கு வைத்திருக்கிற பெரிய ஸ்பீக்கரில் என்ன ஆகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஒயர் வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், டான்ஸ் ஹால் வாசலையே மிதிக்கக் கூடாது என்றிருந்த அம்மா அன்றைக்கு என்னை ஜட்காவில் ஏற்றி அனுப்பினாள். தலைவர் எங்களைப் பார்த்ததும், "பேன்ஜோ எங்கே, மேன்?" என்றார்.

"இல்ல, சார். இதான்."

அவர் ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஹூ இஸ் ஷீ?"

"டெலிபோன் ஆபரேட்டர்" என்று நானே சொன்னேன்.

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு அண்ணன் பக்கம் திரும்பி அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "ஒரு தபா கத்தினா, நீ வீட்டுக்குப் போறான். திரும்பி வராதே. புரியுதா, மேன்?"

அண்ணன் திரையை ஒட்டிய அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். தலையைச் சீவவில்லை. சீப்பை மறந்துவிட்டிருந்தான், அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது. நான் ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்தில் மண்டி போட்டு, மைக்கைக் கழற்றிவிட்டு எங்கள் ஒயரை மாட்டினேன்.

முதல் வால்ட்ஸ் ஆரம்பித்தது. ட்ரம்பெட், சாக்ஸபோன், பியானோ, ட்ரம்ஸ். கித்தார் கேட்கவில்லை. திருகினேன். லேசாகக் கேட்டது. இன்னும் திருகினேன். ஊளை வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மூக்கால் அழாத, தகரம் கொட்டாத, தெளிவான கம்பிச் சத்தம் ஹாலின் அந்தக் கோடி வரை போயிற்று. ஆடிக்கொண்டிருந்தவர்கள் எங்கிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பித் தேடினார்கள். ட்ரம்ஸ்காரர் எட்டி அண்ணனைப் பார்த்தார். அது என் சுருள்! என் அண்ணன் மரம்! உள்ளே என் அம்மாவின் ஓலை!

ஜன்னல் வழியே பார்த்தேன். ரோட்டோரம் ஜட்கா நிற்கிற இடத்தில், முக்காடு போட்டுக்கொண்டு, கையில் செபமாலையோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். நடந்தே வந்திருக்கிறாள். ரோடு வரைக்கும் கேட்டதாகப் பிறகு தெரு முழுக்கச் சொன்னாள். ஊளை நின்றது ஓலையால்தான் என்று சாகும் வரை சாதித்தாள், நானும் கட்டையால்தான் என்று கடைசி வரை அவளோடு சண்டை போட்டேன்.

இடைவேளையில் தலைவர் நேராகப் போய் அண்ணனுடைய நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துக்கொண்டு வந்து, பியானோவுக்குப் பக்கத்தில், தனக்கு நேர் பின்னால் போட்டார். மீசையை நீவிக்கொண்டு, "எவ்ரி சாட்டர்டே, மேன்" என்றார். அண்ணன் பையில் கையை விட்டுச் சீப்பைத் தேடினான்.

கடைசிப் பாட்டு வேகமான பாட்டு. அண்ணன் முன்னால் உட்கார்ந்து வெளுத்து வாங்கினான். நானும் சும்மா இல்லாமல் இன்னும் கொஞ்சம் திருகினேன். பாதிப் பாட்டில் தலைவர் ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முகம் சிவக்க என் பக்கம் குனிந்து கத்தினார்: "குறை, குறை! என் ட்ரம்பெட் எனக்கே கேக்கறான் இல்லே!"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, எக்ஸ்சேஞ்சில் தினமும் சொல்கிற அதே குரலில், "லைன் என்கேஜ்ட், சார்" என்றேன். திருகியிலிருந்து கையை எடுக்கவில்லை.